பத்தாம் வகுப்பை முடிக்கவைக்கும் வேலை ஒன்பதில் தொடங்குகிறது

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி நடைமுறையில் இருப்பதால், ஒரு மாணவர் தோல்வியை முதன்முதலில் எதிர்கொள்வது ஒன்பதாம் வகுப்பில்தான். நடுநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதே ஆண்டில் பள்ளியும் மாறுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. எனவே இடைநிற்றலைக் குறைக்க விரும்பும் தலைமையாசிரியர், பத்தாம் வகுப்பின் கடைசி மாதச் சிறப்பு வகுப்புகளைவிட, ஒன்பதாம் வகுப்பில் ஜூன் முதல் காலாண்டுத் தேர்வு வரையிலான காலத்துக்கே கூடுதல் கவனம் தர வேண்டும். சிகாகோ அரசுப் பள்ளிகளைப் பற்றி 2005இல் வெளியான ஆய்வொன்றும், ஒன்பதாம் வகுப்பைப் பெரிய சறுக்கலின்றிக் கடந்தவர்கள் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை நிறைவுசெய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது.

முதலில் வருகைப் பதிவேடு. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகை தினமும் பதிவாகிறது என்றாலும், பதிவது வேறு, பார்ப்பது வேறு. வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பாசிரியர், அந்த மாதத்தில் மூன்று நாள்களுக்கு மேல் வராதவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதித் தலைமையாசிரியருடன் கலந்து பேச வேண்டும். தொடர்ந்து வராதவர் எல்லோர் கண்ணிலும் படுவார். திங்கள்தோறும் வராதவரும், மதிய உணவுக்குப் பின் காணாமல்போகிறவரும்தான் தப்பிவிடுவார்கள். முகூர்த்த நாள்களில் மட்டும் வராத மாணவர் பெரும்பாலும் கேட்டரிங் வேலைக்குப் பந்தி பரிமாறப் போயிருப்பார். அந்தக் கூலி குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அறியாமல் கண்டிப்பதால் பயனில்லை.

வீட்டுக்குச் செல்வதானால், பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் மாலை நேரத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில் அதே தெருவைச் சேர்ந்த பெற்றோர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்பதற்கு முன், வீட்டில் என்ன நிலைமை என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும், 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆண் மாணவர்களுக்கும் அதே தொகையைத் தருகிறது என்பதையும் அங்கேயே விளக்குங்கள். பெண்ணுக்குத் திருமணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தகவல் தருவதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது வாசிப்பு. கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிக்கொள்ளும் மாணவர், எழுதியதை வாசிக்கத் தெரியாதவராக இருக்கக்கூடும். இத்தகையவரே வகுப்பில் மிக அமைதியாக அமர்ந்திருப்பார், ஆதலால் எவரும் கவனிப்பதில்லை. பள்ளி திறந்த முதல் வாரங்களில் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறுவோருக்குத் தினமும் அரை மணி நேர வாசிப்புப் பயிற்சியை, விளையாட்டுப் பாடவேளையைப் பறிக்காமல் ஒதுக்குங்கள். விளையாட்டு, இலக்கிய மன்றம், கலைத் திருவிழா ஆகியவற்றுக்காகவே பள்ளிக்கு வரும் மாணவர்கள் பலர் உண்டு. மதிப்பெண் குறைந்தது என்று அவற்றிலிருந்து அவர்களை விலக்கினால், பள்ளியோடு எஞ்சியிருக்கும் பற்றும் அறுந்துவிடும்.

தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பதற்காக, மெல்லக் கற்கும் மாணவரிடம் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பும் வழக்கத்தைக் கைவிடாதவரை, மேற்சொன்ன எதுவும் பலன் தராது. அது இடைநிற்றலைப் பள்ளியே உண்டாக்குவதாகும்.

பொதுத்தேர்வு முடிவு வந்த நாளிலேயே, 35 மதிப்பெண் எட்டாதவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டையும் அழைத்துப் பேசுங்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே நடந்துவிடும். விண்ணப்பிக்கும் கடைசி நாள் அதற்கும் முன்பே வரும். விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே நிரப்பி, கட்டணம் செலுத்த இயலாதவருக்கு முன்னாள் மாணவர்களிடம் கேட்டுக் கட்டி, தோற்ற பாடத்துக்கு மட்டும் தேர்வு நாள் வரை காலை வகுப்பு நடத்துங்கள். தேறியவர்களை அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள இடம் வைத்திருங்கள்.