ரிவார்டு கார்டும் வங்கிக் கணக்கும்: புதிதாக எடுப்பவர்கள் பணத்தை விடும் இடங்கள்

அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் சம்பளம் வந்த கையோடு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். தவறே இல்லை, ஒழுங்காகப் பயன்படுத்தினால் வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் என் வயதுக்காரர்கள் அந்த வயதில் எங்கெங்கே பணத்தை விட்டோமோ அதே இடங்களில்தான் இவர்களும் விடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பில்லை முழுதாகக் கட்டுங்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை இங்கே எழுதவில்லை.

செலவைப் பார்க்காமல் கார்டைப் பார்ப்பது

"எந்தக் கார்டு அண்ணா பெஸ்ட்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கடைசி மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்ட். மாதம் 45,000 செலவாகிறது என்று சொல்வார்கள், உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், சீட்டுக்குக் கட்டுவது, பால்காரர், வேலைக்கார அம்மா என்று பாதிக்கு மேல் கார்டில் போகாத செலவாகவே இருக்கும். மிச்சத்தில் பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகளில் ரிவார்டு புள்ளி (செலவுக்குப் பரிசாகத் தருவது) கிடையாது. "பியூயல் சர்சார்ஜ் தள்ளுபடி" என்று போடுவார்களே, அது கூடுதலாகப் பிடித்த 1 சதவீதத்தைத் திருப்பித் தருவது மட்டும்தான், அதைப் பலன் கணக்கில் சேர்க்காதீர்கள். கரண்ட் பில், காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம் இவற்றுக்கும் பல கார்டுகளில் புள்ளி இல்லை, இல்லாவிட்டால் மாத உச்சவரம்பு இருக்கும்.

இதையெல்லாம் கழித்த பிறகு நிற்கும் தொகைதான் உங்கள் கார்டு செலவு. பெரும்பாலும் அது மாதம் 12,000 முதல் 20,000 வரை இருக்கும். அந்தச் செலவு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். அமேசானில் நிறைய வாங்குகிறவர், பிரைம் சந்தாவும் இருக்கிறது என்றால், வருடக் கட்டணமே இல்லாத அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு அங்கே 5 சதவீதம் தருகிறது. அவருக்கு மூவாயிரம் ரூபாய் கட்டணக் கார்டு எதற்கு? தெருமுனை மளிகைக் கடை, மெடிக்கல், டிபன் கடை என்று யுபிஐயிலேயே வாழ்கிறவருக்கு ரூபே கிரெடிட் கார்டு ஒன்றை யுபிஐயில் இணைத்துக்கொள்வது உதவும். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் கடைக்காரர் வணிகர் கியூஆர் வைத்திருக்க வேண்டும். தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டி வைத்திருந்தால் கிரெடிட் கார்டு அங்கே போகாது. யுபிஐ வழிச் செலவுக்கு எவ்வளவு புள்ளி என்பதையும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் குறைவாகத்தான் தருகிறார்கள்.

கட்டணத் தள்ளுபடிக்காகச் செலவு செய்வது

இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டும் தவறு. படித்தவர், படிக்காதவர், கணக்கு வழக்கு தெரிந்தவர் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

கார்டுக்கு வருடக் கட்டணம் 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,950. வருடத்துக்கு 3 லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி. விற்க வருகிறவர் "மாசம் 25,000 தானே சார், தானா வந்துடும்" என்பார். வருவதில்லை. பதினோராவது மாதம் செயலியைத் திறந்து பார்த்தால் 2,55,000-த்தில் நிற்கும். அங்கிருந்துதான் வினை ஆரம்பம்.

என் மச்சான் திருப்பூரில் இருக்கிறார், வியாபாரக் கணக்கில் பைசா விடாதவர். அவருக்கு இப்படித்தான் 45,000 குறைந்தது. கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று, வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை மாற்றி 46,000-க்குப் புது டிவி வாங்கினார். வாங்கிய கையோடு அந்தத் தொகையை 12 மாத இஎம்ஐயாக மாற்றிக்கொண்டார், வட்டி 16 சதவீதம். மாதம் 4,174 ரூபாய். வருடக் கடைசியில் வட்டி மட்டும் சுமார் 4,085 ஆகும். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 735. பிராசஸிங் கட்டணம் 199, அதற்கும் ஜிஎஸ்டி. ஆக 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, 2,950-ஐ மிச்சம் பிடிப்பதற்காக. அதுவாவது நடந்ததா? அவருடைய கார்டில் இஎம்ஐயாக மாற்றிய செலவு தள்ளுபடி இலக்கில் சேராது. அடுத்த பில்லில் 2,950-ம் வந்து நின்றது. போன் போட்டுச் சண்டை போட்டார், விதிமுறையில் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எழுதித்தான் இருந்தது.

அந்த விதிமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, எந்தச் செலவு இலக்கில் சேராது என்ற பட்டியல். வாடகை, வாலெட்டில் பணம் ஏற்றுவது, ஏடிஎம்மில் எடுப்பது, இஎம்ஐ, எரிபொருள், சில இடங்களில் அரசுக்குக் கட்டும் வரியும் காப்பீடும்கூட. கார்டுக்குக் கார்டு இது மாறும். இரண்டாவது, "வருடம்" என்பது ஏப்ரல் முதல் மார்ச் அல்ல, ஜனவரி முதல் டிசம்பரும் அல்ல. பெரும்பாலும் கார்டு கொடுத்த மாதத்திலிருந்து எண்ணுவார்கள். ஆகஸ்டில் வாங்கிய கார்டுக்கு மார்ச் மாதக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவு செய்தவரை எனக்குத் தெரியும். அப்புறம், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை இலக்கிலிருந்தும் கழியும். கடைசி நாள் வாங்கிய பொருளின் பரிவர்த்தனை இரண்டு நாள் கழித்துப் பதிவானால் அது அடுத்த வருடக் கணக்கு.

சரி, இஎம்ஐ போடாமல் ரொக்கமாகவே கட்டிவிட்டால்? அப்போதும் தேவையில்லாத பொருளுக்கு 46,000 போனது போனதுதான். பில் பெரிதாகி முழுதாகக் கட்ட முடியாமல் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம். வட்டியில்லாக் காலம் போய்விடும், பாக்கி முழுதாகத் தீரும் வரை புதிதாக வாங்கும் பாலுக்கும் பிரெட்டுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த வட்டி பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் அளவில் இருக்கிறது, அதாவது வருடத்துக்கு 42. அதற்கு மேல் ஜிஎஸ்டி. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தது, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து பாதுகாப்பு எதுவும் இல்லை.

நான் போடச் சொல்வது ஒரே ஒரு கணக்கு. தள்ளுபடி கிடைக்காது, கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்தக் கார்டு லாபமா? வருடம் 3 லட்சம் செலவு, 2 சதவீதப் பலன் என்றால் 6,000. அதில் 2,950 போனால் 3,050. இலவசக் கார்டு ஒன்று 1 சதவீதம் கொடுத்தால் 3,000. வித்தியாசம் 50 ரூபாய்! அந்த ஐம்பது ரூபாய்க்காக வருடம் முழுக்க இலக்கு, தேதி, விதிவிலக்கு என்று தலையில் சுமந்து திரிய வேண்டுமா? செலவு 2.95 லட்சத்துக்குக் குறைந்தால் இலவசக் கார்டுதான் முன்னால் நிற்கும். செலவு இயல்பாகவே 5, 6 லட்சம் போகிறவர்களுக்குக் கட்டணக் கார்டு சரி. அவர்கள் இலக்கைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை.

கட்டணம் வரும் மாதத்தில் செலவு இலக்குக்குக் குறைகிறது என்றால் ஒன்று செய்யுங்கள். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசி, கார்டை மூடப் போகிறேன் என்று சொல்லுங்கள். சில வங்கிகள் கட்டணத்தை விட்டுக்கொடுக்கின்றன, சில பாதி குறைக்கின்றன. ஒன்றும் தரவில்லை என்றால் மூடிவிடலாம். டிவி வாங்கத் தேவையில்லை.

புள்ளியை ரூபாய் என்று நினைப்பது

"150 ரூபாய்க்கு 4 புள்ளி" என்று பார்த்ததும் நிறைய மாதிரித் தெரியும். ஒரு புள்ளி எத்தனை பைசா என்பதுதான் கேள்வி. அதுவும் ஒரே கார்டிலேயே எதற்கு மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். 3 லட்சம் செலவுக்கு 8,000 புள்ளி வருகிறது. விமான டிக்கெட்டுக்கு மாற்றினால் 50 பைசா வீதம் 4,000 ரூபாய், பில்லில் கழித்துக்கொண்டால் 20 பைசா வீதம் 1,600 ரூபாய் என்ற மாதிரியான அமைப்பு சாதாரணம். வருடத்துக்கு ஒரு முறைகூட விமானம் ஏறாதவருக்கு 1,600-தான் உண்மையான எண். சில இடங்களில் புள்ளியை மாற்றுவதற்கே 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள், இரண்டு மூன்று வருடத்தில் காலாவதியும் ஆகும். பயணம் அதிகம் செய்யாதவர்கள் நேரடி கேஷ்பேக் கார்டு எடுங்கள், நினைவு வைத்துக்கொள்ளும் வேலை மிச்சம்.

ஏர்போர்ட் லவுஞ்ச்

வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் பறக்கிறவர் அந்த இட்லி காபிக்காகக் கார்டு எடுக்க வேண்டாம். இப்போது பல கார்டுகளில் முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகுவது

வேண்டாம். எடுத்த நாளே வட்டி தொடங்கும், தனிக் கட்டணமும் உண்டு.

நாலு கணக்கு, நாலு மினிமம் பேலன்ஸ்

கார்டுக்காக ஒரு கணக்கு, பழைய கம்பெனிச் சம்பளக் கணக்கு, புதுக் கம்பெனிச் சம்பளக் கணக்கு, ஊரில் அப்பா திறந்து வைத்தது என்று பலரிடம் நாலு இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது பழைய சம்பளக் கணக்கு. சம்பளம் வருவது நின்று சுமார் மூன்று மாதம் ஆனால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும், அன்றிலிருந்து சராசரி இருப்பு விதி பொருந்தும். என் சித்தி மகள் வேலை மாறியபோது அந்தக் கணக்கில் விட்டுவைத்த ஐயாயிரத்துச் சொச்சம் அபராதத்திலும் டெபிட் கார்டு கட்டணத்திலும் கரைந்தே போனது. அந்த டெபிட் கார்டை அவள் எடுத்துப் பார்த்துக்கூட வருடக் கணக்காகியிருக்கும். இருப்பு பூஜ்யத்துக்கு வந்த பிறகு மைனஸ் காட்டினால் பயந்து கட்டாதீர்கள். குறைந்தபட்ச இருப்பு அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, 2015 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

சராசரி இருப்பு என்றால் என்ன என்றே பலருக்குத் தெரிவதில்லை. 10,000 என்றால் மாதம் முழுக்க 10,000 கிடக்க வேண்டும் என்று நினைத்துப் பணத்தை முடக்குகிறார்கள். ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி மாதத்தின் நாட்களால் வகுப்பதுதான் கணக்கு. 30 நாள் மாதத்தில் மூன்று நாள் மட்டும் 1 லட்சம் இருந்து, மீதி நாள் காலியாக இருந்தாலும் சராசரி 10,000 வந்துவிடும்.

அதைவிட எளிய வழி, குறைந்தபட்ச இருப்பே கேட்காத இடத்தில் கணக்கு வைப்பது. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே அபராதத்தை நீக்கிவிட்டது. கனரா வங்கி 2025 ஜூனிலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி அதே வருடம் ஜூலையிலும் நீக்கின. இன்னொரு பக்கம் ஐசிஐசிஐ வங்கி 2025 ஆகஸ்டில் நகரங்களில் புதிய கணக்குகளுக்கு 50,000 என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் 15,000 என்று குறைத்தது. கணக்கு திறக்கும் நாளில் வங்கியின் கட்டணப் பட்டியலைத் தரவிறக்கிப் படியுங்கள், கவுன்டரில் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

"7% சேமிப்பு வட்டி"

சிறு நிதி வங்கிகளின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் வட்டி பெரும்பாலும் சில லட்சங்களுக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும்தான். உங்கள் 60,000-க்கு எந்தப் படிநிலை என்று பார்க்க வேண்டும். பார்த்து லாபமாக இருந்தால் தாராளமாக வைக்கலாம், 5 லட்சம் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. அந்த 5 லட்சம் ஒரு வங்கியில் ஒருவருக்கு எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியும் சேர்த்து. ஸ்டேட் வங்கியில் 2025 ஜூனிலிருந்து சேமிப்புக்கு 2.5 சதவீதம்தான். அங்கே சும்மா கிடக்கும் பணம் அதிகம் என்றால், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போவதைத் தானாக வைப்பாக மாற்றும் ஸ்வீப் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

இலவசக் கார்டோடு தலையில் கட்டும் காப்பீடு

கையெழுத்துப் போடாதீர்கள்.

வேண்டாத கார்டை டிராயரில் போட்டு வைப்பது

போன் செய்தால் மூட விட மாட்டார்கள், புது ஆபர் சொல்லி இழுத்தடிப்பார்கள் என்ற சலிப்பில் அப்படியே விடுகிறார்கள், வருடக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். முதலில் சேர்ந்திருக்கும் புள்ளிகளை மாற்றிக்கொள்ளுங்கள், அந்தக் கார்டில் தானாகப் போகும் ஓடிடி சந்தா, மொபைல் பில் எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றுங்கள், பாக்கியைப் பைசா சுத்தமாகக் கட்டுங்கள். அதன் பிறகு போனில் பேசிக்கொண்டிருக்காமல் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், கோரிக்கை எண்ணைக் குறித்து வையுங்கள். 7 வேலை நாள் எண்ணிக்கை அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.