பனையில் பனி: யாழ்ப்பாணத்து உச்சிவெயிலில் அகச்சிவப்புக் கமரா

ஆடி, ஆவணியில் ஊருக்குப் போகிறவர்களின் நாள் எப்படிக் கழியும் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். காலையில் கோயில், நல்லூரில் கொடியேறிவிட்டால் 25 நாளும் அதுதான். மாலையில் சொந்தக்காரர் வீடுகள். ஒரு வீட்டில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் குடிக்காமல் வந்தால், மறுமுறை போகும்வரை அது கதையாக இருக்கும். படம் எடுப்பவர்கள் காத்துக் கிடக்கும் இளங்காலை வெளிச்சமும் அந்தி வெளிச்சமும் இப்படி உறவுகளுக்கே போய்விடும். மிஞ்சுவது பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை, சோறு உண்டு வீடே உறங்கும் நேரம். வெயில் உச்சியில் நிற்கும், நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும். சாதாரணக் கமராவில் வானம் வெளிறிப்போகும், பனங்கூடல் கருகியதுபோல வரும். மூன்று பயணங்களில் நானும் அந்த நேரத்தைப் பெரும்பாலும் தூங்கியே கழித்தேன். நான்காவது முறை அகச்சிவப்புக்கு மாற்றிய பழைய கமரா ஒன்றைக் கொண்டுபோனேன். அத்தோடு மத்தியானத் தூக்கம் போயிற்று.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 700 நானோமீற்றரோடு முடிகிறது. அதற்கு அப்பாலுள்ள அலைகளைப் பச்சை இலை அதிகம் உறிஞ்சுவதில்லை. அவை இலையின் உள்ளறைகளில் பட்டுச் சிதறித் திரும்பி வந்துவிடுகின்றன. அதனால்தான் மரம் வெள்ளையாகிறது. தெளிந்த வானம் அந்த அலைகளை மிகக் குறைவாகவே சிதறடிப்பதால் கறுத்துப்போகிறது. கடலும் குளமும் மையாகத் தெரியும். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இத்தகைய படங்களை 1910இலேயே வெளியிட்டார். இலை வெளுப்பதை இன்றும் ‘வுட் விளைவு’ என்றே சொல்கிறார்கள். இதற்கு வேண்டியதெல்லாம் நேரடியான, தாராளமான வெயில். அதற்கு யாழ்ப்பாணத்தில் என்ன குறை?

கமரா விடயத்தில் இரண்டு வழிகள் உண்டு. டிஜிட்டல் கமராவின் சென்சாருக்கு அகச்சிவப்பு தெரியும். ஆனால் படத்தின் நிறம் கெடாமலிருக்க அதை மறைக்கும் கண்ணாடி ஒன்றை அதற்கு முன்னால் பதித்திருப்பார்கள். ரிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், திரையில் அதன் முனை எவ்வளவு மினுங்குகிறதோ அந்த அளவுக்கு உங்கள் கமரா அகச்சிவப்பை உள்ளே விடுகிறது. 2004இல் வந்த நிக்கொன் டி70 போன்ற பழையவை இதில் தாராளமானவை. மலிவான வழி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் மறித்து அகச்சிவப்பை விடும் 720 நானோமீற்றர் பில்டர் ஒன்றை லென்ஸின் முன்னால் திருகிக்கொள்வது. பில்டர் ஏறக்குறைய கறுப்பாக இருப்பதால், காட்சியை முதலில் ஒழுங்கு செய்து, போக்கஸையும் பூட்டிவிட்டுத்தான் அதை மாட்டவேண்டும். பிறகு முக்காலியில் வைத்து, ஷட்டரைப் பல விநாடிகள் திறந்து வைக்கவேண்டும்.

நான் முதலில் இதைத்தான் முயன்றேன். ரொறன்ரோவில் வீட்டுக்குப் பின்னால் எடுத்தபோது படம் நன்றாகவே வந்தது. ஊரில் அது ஆடி மாதம், சோளகக் காற்று. அரை நிமிடம் திறந்து வைத்தால் பனையோலை அசையாமல் நிற்குமா? மரத்தின் உச்சியில் பஞ்சுப்பொதி கட்டிவிட்டதுபோல ஒரு புகைதான் மிஞ்சியது. ஆகவே என் யோசனை இரண்டாவது வழி: அலுமாரியில் சும்மா கிடக்கும் பழைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்பு ஆடி இல்லாத) கமரா ஒன்றை இந்த மாற்றத்தைச் செய்பவரிடம் கொடுத்து, மறைப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு 720 பில்டரை உள்ளேயே பதிப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு கையில் பிடித்தே, 1/250 விநாடியில்கூட எடுக்கலாம். அதைப் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே செய்விப்பது நல்லது. சில லென்ஸ்களில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று விழும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் இன்னும் மோசமாகும். அது விமானம் ஏறுமுன் தெரியவேண்டிய சங்கதி.

மாற்றிய கமராவில் எல்லாம் இரத்தச் சிவப்பாகத்தான் தெரியும், பயப்படவேண்டாம். பச்சைப் புல்லைக் காட்டி வெள்ளைச் சமநிலையை, அதாவது எதை வெள்ளையாக எடுக்கவேண்டும் என்று கமராவுக்குச் சொல்வதை, அமைக்கச் சொல்வார்கள். ஆடியில் தரவையில் பச்சைப் புல்லுக்கு எங்கே போவது? நான் கிணற்றடி வாழையில் ஓர் இலையை எட்டிப் பிடித்து, வெயில் முழுதாக விழும்படி திருப்பி, அது திரையை நிறைக்குமளவு நெருங்கி எடுத்தேன். சிவப்பு அடங்கி, இலை சாம்பல் கலந்த வெள்ளையாயிற்று. அன்றிலிருந்து எனக்கு அளவுகோல் வாழையிலைதான். மறக்காமல் ரோ கோப்பாகவே (கமரா மெருகேற்றாத மூலத் தரவாக) எடுங்கள். சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி நீல வானம் வரவழைக்கும் வேலையைத் திரும்பி வந்தபின் கணினியில் செய்துகொள்ளலாம்.

எங்கே போவது? என்னைக் கேட்டால் முதலில் மணற்காடு. வடமராட்சி கிழக்கின் அந்த மணற்குன்றுகள், மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயில், அப்பால் சவுக்கங்காடு. வெள்ளைச் சவுக்கு, கறுத்த வானம், இடையே மங்கிய மணல் என்று அகச்சிவப்புக்கென்றே வைத்த இடம். மணல் உள்ளே போகும், ஆகவே அங்கே லென்ஸ் மாற்றவேண்டாம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் படகேறவேண்டும். திரும்பும் படகின் நேரத்தை ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள கடற்கல் மதில்களுக்கு அகச்சிவப்பு சரிவராது. மதிலும் வெள்ளை, பின்னால் மரமும் வெள்ளை என்றால் படத்தில் என்ன இருக்கும்? அவற்றுக்கும் அங்கே திரியும் காட்டுக் குதிரைகளுக்கும் சாதாரணக் கமராதான். தூரம் போக முடியாவிட்டால் உங்கள் ஒழுங்கையே போதும். கிளுவை வேலியும் பூவரசும் ஒளிரும். பனையில் காவோலைக்கும் குருத்தோலைக்கும் கண்ணுக்குத் தெரியும் நிறபேதம் பெருமளவு குறைந்துவிடும். காவோலை விழக் குருத்தோலை சிரித்த கதை அகச்சிவப்பில் எடுபடாது.

ஆட்களை இதில் எடுக்கவேண்டாம். தோல் மெழுகுபோல வெளிறி, கண் இரண்டும் குழியாகத் தெரியும். வயதானவர்களின் அப்படியொரு படத்தை யாருக்குக் காட்டுவது? படைமுகாம், காவலரண், சோதனைச் சாவடி இருக்கும் பக்கம் எந்தக் கமராவையும் திருப்பவேண்டாம். ட்ரோனுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால், மரம் எவ்வளவு அழகாயிருந்தாலும் வீதியிலிருந்து கால் எடுத்து வைக்கக்கூடாது. தண்ணீரும் தொப்பியும் அவசியம் என்று உச்சிவெயிலில் இறங்குபவருக்குத் தனியாகச் சொல்லவேண்டுமா?

முதல்நாள் எடுத்த பனங்கூடலைப் பெரியம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தவர், “ஏன் தம்பி, உங்கள் நாட்டுப் பனியை இங்கேயும் கொண்டுவந்து கொட்டிவிட்டாயா?” என்றார். அதையே அச்சிட்டுக் கொடுக்க நினைத்து அங்கேயே ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி கமரா பழுது என்று இரங்கி, பாதி நாள் மினக்கெட்டு, மரங்களையெல்லாம் பச்சையாக்கி வைத்திருந்தார். நிறத்தில் கை வைக்கவேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். அல்லது கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுங்கள். பெரியம்மா வீட்டு விறாந்தையில் இப்போது தொங்குவது கறுப்பு வெள்ளைப் படம்தான். வருகிறவர்களிடம் அது கனடா என்று சொல்லிவருகிறாராம்.