ஏஓ3 தளத்தில் முதல் கதையைப் பதிவிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமக்குப் பிடித்த நாவலின் அல்லது தொடரின் மாந்தர்களை வைத்து, மூலத்தில் இல்லாத கதையை ரசிகர்களே எழுதும் ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு இன்றுள்ள பெரிய தளங்களுள் ஒன்று ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’. ஏஓ3 என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்தளம் 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நன்கொடையாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும் விளம்பரமின்றி இயங்கும் இதற்கு 2019-இல் ஹியூகோ விருதும் கிடைத்தது. வாசகரின் ரசனையைக் கணித்துக் கதைகளைப் பரிந்துரைக்கும் ஏற்பாடு எதுவும் இங்கே இல்லை. எழுதியவர் இட்ட குறிச்சொற்களை, அதாவது டேக்குகளை, வைத்துத்தான் வாசகர் வேண்டியதைத் தேடுகிறார், வேண்டாததை விலக்குகிறார். ஆகவே, மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கதைக்கான பதிவுப் படிவத்தை அவசர அவசரமாக நிரப்பிவிடுவதையே புதியவர்களின் முதன்மையான தவறாக நான் கருதுகிறேன்.

படிவத்தில் முதலில் பிழைபடுவது மூலப் படைப்பைக் குறிக்கும் இடம். எடுத்துக்காட்டாக, ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து எழுதுபவருக்கு ஆர்தர் கோனன் டாயிலின் கதைகளுக்கு ஒரு டேக்கும், இன்றைய லண்டனில் நடக்கும் பிபிசி தொடருக்கு வேறொரு டேக்கும் தனித்தனியே இருக்கின்றன. குதிரை வண்டி ஓடும் பழைய லண்டனில் நிகழும் கதையைத் தொலைக்காட்சித் தொடரின் டேக்கில் போட்டால், அங்கே தேடி வருபவர் ஏமாறுவார். டாயிலின் வாசகர் கண்ணில் அது படவே படாது. தமிழில் எழுதுபவர்கள் மொழிக்கான கட்டத்தில் தமிழைத் தேர்ந்தெடுப்பதோடு, மூலத்தின் பெயரையும் மாந்தர் பெயர்களையும் தட்டச்சு செய்யும்போது தளமே காட்டும் வடிவங்களிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது. அப்போதுதான் தமிழ்க் கதையும் அதே மூலத்தைச் சார்ந்த மற்றக் கதைகளோடு ஒரே பட்டியலில் சேரும்.

அடுத்தது உறவைக் குறிக்கும் டேக். இரு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இட்டால் அது காதலை அல்லது உடலுறவைக் குறிக்கும்; ‘&’ குறி இட்டால் நட்பையோ குடும்ப உறவையோ குறிக்கும். ஹோம்ஸும் வாட்சனும் நண்பர்களாகச் சேர்ந்து துப்புத் துலக்கும் கதைக்குச் சாய்கோட்டை இட்டுவிட்டு, காதல் காட்சி எங்கே என்று கேட்கும் வாசகர்மீது வருந்துவதில் நியாயமில்லை. ஒரே ஒரு வரியில் வந்துபோகும் இணைகளுக்கெல்லாம் டேக் இட்டுப் பட்டியலை நிரப்புவதும் இதே வகைத் தவறுதான். அந்த இணையை விரும்பித் தேடி வந்தவர் கதை முழுவதையும் படித்தும் அவர்களைக் காணாமல் திரும்புகிறார். அதே எழுத்தாளரின் அடுத்த கதையை அவர் திறக்கமாட்டார்.

மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி எச்சரிக்கைகள். கொடூரமான வன்முறை, முக்கிய மாந்தரின் மரணம், பாலியல் வன்கொடுமை, பதினெட்டு வயது நிரம்பாதோர் தொடர்பான பாலியல் உள்ளடக்கம் ஆகிய நான்குக்கும் ஏஓ3 தனித்தனி எச்சரிக்கைகளை வைத்திருக்கிறது. இவற்றுடன் இன்னும் இரண்டு தெரிவுகள் உண்டு: ஒன்று, ‘எச்சரிக்கைகளைப் பயன்படுத்த விரும்பவில்லை’ என்பது, மற்றொன்று, ‘எந்த எச்சரிக்கையும் பொருந்தாது’ என்பது. புதியவர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னதைத் தேர்ந்தால், கதையில் எதுவும் இருக்கலாம் என்று வாசகரிடம் சொல்லிவிட்டதாகப் பொருள். பின்னதைத் தேர்ந்தால், அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை என்று உறுதி கொடுத்துவிட்டதாகப் பொருள். அந்த உறுதியைக் கொடுத்துவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் நாயகனைச் சாகடித்தால் அது தள விதியை மீறுவதாகும். புகார் வந்தால் நிர்வாகம் தலையிடும். மரணத்தை முன்கூட்டியே வெளிப்படுத்த மனமில்லாதவர்களுக்காகத்தான் முதல் தெரிவு இருக்கிறது. அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். துயரத்தில் இருக்கும் ஒருவர் ஆறுதலுக்காக ஒரு கதையைத் திறந்து, எதிர்பாராத கொடுமையைப் படிக்க நேர்வதை எந்தத் திருப்பமும் ஈடுசெய்யாது.

கதைச்சுருக்கத்திலும் பலர் தங்களைத் தாங்களே தாழ்த்திக்கொள்கிறார்கள். ‘முதல் கதை, சுமாராகத்தான் இருக்கும், மன்னிக்கவும்’ என்று எழுதினால் வாசகருக்குக் கதையைப் பற்றி எதுவுமே தெரியவில்லை. மாறாக, ‘இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பும் ஹோம்ஸிடமிருந்து வாட்சனுக்கு ஒரு கடிதம் வருகிறது, ஆனால் கையெழுத்து அவருடையதல்ல’ என்றால் உள்ளே வரக் காரணம் கிடைக்கிறது.

தொழில்நுட்பத்தில் இரண்டு செய்திகள் போதும். தளத்தில் சேமிக்கும் டிராஃப்ட் 29 நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், மூலப் பிரதி எப்போதும் உங்கள் கணினியில் இருக்க வேண்டும். வேர்டிலிருந்து ஒட்டும்போது பத்திகளுக்கிடையே வெற்று வரிகள் பெருகலாம், சாய்வெழுத்து காணாமல் போகலாம். முன்னோட்டத்தைப் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

பணம் தொடர்பாக விதி கண்டிப்பானது. இலாப நோக்கற்ற மறுபடைப்பு என்பதே ஃபேன் ஃபிக்‌ஷனுக்குச் சட்ட அடிப்படையில் வலுவான வாதம் என்பதால், நன்கொடை கேட்கும் பேட்ரியான், கோ-ஃபை இணைப்புகளைக் குறிப்புரையில்கூடப் போடக் கூடாது. இன்னொருவர் எழுதிய ரசிகர் கதையைத் தமிழாக்கம் செய்ய விரும்பினால், முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்த பின் மூலக் கதையோடு இணைப்பதற்குப் படிவத்திலேயே இடம் இருக்கிறது.

பெயர் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ஒரே கணக்கில் பல புனைபெயர்களை வைத்துக்கொள்ளலாம். ஆனால் புனைபெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பயனர் பெயரும் தெரியும். எனவே, வீட்டாரோ அலுவலகத்தாரோ அறியக் கூடாது என நினைப்பவர்கள் பயனர் பெயரையே சொந்த அடையாளத்தோடு தொடர்பில்லாததாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் எழுதியது பிடிக்காமல் போனால், கதையை அழித்துவிடாமல் அதிலிருந்து உங்கள் பெயரை மட்டும் நீக்கிவிடும் வசதியும் உண்டு. கதையைப் புக்மார்க் செய்து வைத்திருக்கும் வாசகருக்கு அது தொடர்ந்து கிடைக்கும். ஆனால் அப்படிக் கைவிட்ட கதையை மீண்டும் உங்கள் கணக்குக்குக் கொண்டுவர முடியாது என்பதால், கடுமையான கமெண்ட் ஒன்றைப் படித்த அன்றே அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம். அந்தக் கமெண்டை நீக்கும் உரிமையும், இனி வருபவற்றை நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியிடும்படி அமைத்துக்கொள்ளும் வழியும் உங்களிடமே இருக்கின்றன.