மழை வளைவில் வழுக்கிய என் பழைய கார்

இலங்கை மலைநாட்டில், டிசம்பர் மழையில் நானுஓயாவிலிருந்து தலவாக்கலைப் பக்கம் இறங்கும்போது, வளைவுகளில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. காய்ந்த ரோட்டில் ஒரு குறையும் இல்லை.

முதலில் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று எலைன்மென்ட் பார்த்தேன். பிறகு பின் பிரேக் ஷூ மாற்றினேன். டயர் காற்றைக் குறைத்தால் பிடிக்கும் என்று ஒருவர் சொல்ல, ஸ்டியரிங் கனத்ததுதான் மிச்சம். ஒன்பது நாள் வீண். டயரில் ரோட்டைப் பிடிக்கும் வெட்டுகள் தேயாமல் ஆழமாக இருந்ததால் அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

கடைசியில் கராஜ் பாஸ் காரை ஜாக்கியில் தூக்கி, டயரின் உள்பக்கம் டோர்ச் அடித்தார். டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் முடிவில் 2213. அதாவது 2013ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்த டயர்! பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வெளியே நின்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை. வெட்டுகளின் அடியில் மயிரிழை வெடிப்புகள். இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது, குளிரில் இன்னும் மோசம்.

பாவித்த ஜப்பான் பனி டயர் மலிவு என்றார்கள். வேண்டாம் என்றேன். நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும், ரோட்டில் பனி கொட்டுவதில்லை. அந்த மென்ரப்பர் கண்டி வெயிலில் சீக்கிரம் தேயும். சாதாரண புது டயர் நான்கு, 175/70 ஆர் 13 அளவு, ஒவ்வொன்றிலும் அந்த வாரம்-ஆண்டு இலக்கத்தைப் பார்த்தே வாங்கினேன். காற்று, கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு.

மறுநாளும் மழை, அதே வளைவு. பின்பக்கம் அசையவில்லை. அப்பாடா!