எல்லை தாண்டி வரும் ஆடு: வாங்குவோர் செய்யும் தவறுகள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவில் பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊர்களில் ஆட்டுக்குக் கிராக்கி. "தாய்லாந்து ஆடு, மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது கைப்பேசியில் படம் அனுப்புவார். ஆடு கொழுகொழுவென்று இருக்கும். கண்ணால் பார்த்ததை நம்பிப் பணம் கொடுப்பதுதான் முதல் தவறு.

நோய் தொற்றிய ஆடு அன்றே படுத்துவிடாது. ஆட்டுக்கொல்லி நோயில் பெரும்பாலும் நான்கைந்து நாள் கழித்தே காய்ச்சலும் மூக்கொழுகலும் கழிச்சலும் தெரியும். வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோய் இன்னும் பொல்லாதது. மாட்டுக்கு வந்தால் எச்சில் நூல் நூலாக ஒழுகும், கால் ஊன்ற முடியாது. ஆட்டுக்கு வந்தாலோ லேசாக நொண்டும். மேல் ஈறில் சிறு புண் தோன்றிச் சில நாளில் ஆறிவிடும். லோரியில் வந்த அலுப்பு என்று விட்டுவிடுவோம். அதற்குள் செம்பனைக்கு நடுவே மேயும் பக்கத்து வீட்டு மாடுகளுக்குத் தொற்றிவிடும். பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பேரிடி.

ஆகவேதான் சட்டம் காகிதம் கேட்கிறது. முதலில் இறக்குமதி அனுமதி, பிறகே ஆடு. பலர் ஆட்டைப் பேசி முடித்துவிட்டு அனுமதிக்கு அலைகிறார்கள். எந்தப் பரிசோதனை, எத்தனை நாள் தனிமை என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அந்த நிபந்தனைகளின்படி ஆட்டை அனுப்பும் நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும். காதுவில்லை எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வோர் ஆடாகப் பாருங்கள்.

"ஊசி போட்ட ஆடு" என்ற வாய்ப்பேச்சும் போதாது. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட்ட ஆட்டையும் நோய் வந்து பிழைத்த ஆட்டையும் வழக்கமான இரத்தப் பரிசோதனை பிரித்துக் காட்டாது. எந்த ஊசி, எந்தத் தேதி என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பெட்டை ஆடு என்றால், பால் வழியாக மனிதருக்கும் காய்ச்சல் தரும் புருசெல்லா கிருமிக்கான பரிசோதனையையும் கேளுங்கள். பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்தவர்களுக்கு அந்தக் காய்ச்சல் பரவியது.

சபா, சரவாக் உள்நாடுதானே என்று எண்ணி அனுப்புவதும் தவறு. அவை கோமாரி அற்ற பகுதி என்று உலக விலங்கு சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றவை. அங்கே தனி விதி.

முறைப்படி வந்த ஆட்டையும் நேரே மந்தையில் விடாதீர்கள். ஆட்டுக்கொல்லி வெளிப்படும் காலத்தை அந்த அமைப்பு அதிகபட்சம் 21 நாளாகக் கொள்கிறது. எனவே மூன்று வாரமாவது தனிக் கொட்டகை, தனி வாளி, தனிக் காலணி. பழைய ஆடுகளுக்குத் தீனி வைத்த பிறகே புது ஆட்டிடம் போங்கள். லோரியில் புழுக்கையைச் சுரண்டி, சோப்பு நீரால் கழுவிய பின்னரே கிருமிநாசினி. புழுக்கைமேல் ஊற்றினால் மருந்தின் வீரியம் அதிலேயே போய்விடும்.

தனிமையில் இருக்கும் ஆடு நொண்டினால், நட்டத்துக்கு அஞ்சி அறுத்து விற்றுவிடாதீர்கள். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை ஓர் ஆடும் உங்கள் வேலியைத் தாண்டக்கூடாது.