'கோத்தகிரி'க்கு 27 எழுத்தா?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் பாதி நாள் இணையம் இருக்காது. அப்படியொரு நாளில், முந்தைய இரவு புதுப்பித்த இயங்குதளத்தில் நியோவிம் என்ற உரைத்தொகுப்பியைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைச்செய்திகள். அதற்குக் கூடுதல் வசதி தர, பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஒரு செருகுநிரல், தனக்கு வேண்டிய நூலகத்தைக் காணாமல் தவித்தது. பதிவிறக்கவும் வழியில்லை.

அந்தச் செருகுநிரலை நான் வைத்திருந்ததோ ஒரே வேலைக்கு: பச்சைத்தேயிலை எடைக் கணக்கில் ஊர்ப்பெயரையும் கிலோவையும் நேராக நிறுத்த. வெட்கக்கேடு.

நானே எழுதுவதென்றால் எந்த மொழியில்? நியோவிமின் பழைய நிரல்மொழியான விம்ஸ்கிரிப்ட் எனக்கு என்றுமே ஒட்டவில்லை. லுவா என்ற நிரல்மொழி நியோவிமுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். 2021இல் வந்த நியோவிம் 0.5 பதிப்பிலிருந்து அமைப்புக் கோப்பையே அதில் எழுதலாம். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

முப்பது வரியில் முடித்துவிட்டேன். ஆனால் வரிசை கோணிக்கொண்டு நின்றது. 'கோத்தகிரி'யின் நீளத்தைக் கேட்டால் லுவா 27 என்றது! அது எண்ணுவது எழுத்துகளை அல்ல, கணினி சேமிக்கும் சிறு அலகான பைட்டுகளை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டு. மெய்யின் புள்ளியும் 'கி'யின் கொக்கியும்கூடத் தனிக்குறிகள்தாம். ஆக 9 குறி, 27 பைட்டு. நியோவிமிலேயே எழுத்துகளை எண்ணும் செயற்கூறு ஒன்று உண்டு. லுவாவிலிருந்து அதை அழைத்ததும் 5 என்றது. குன்னூருக்கு 4. கிலோ எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

மற்றச் செருகுநிரல்களையும் அன்றே அலசினேன். ஆறு மிஞ்சின. பைத்தானை நம்பியது அவற்றில் ஒன்றுகூட இல்லை.