குதிரையோடு ரோட்டில் இறங்கும் முன்: குமரி மாவட்டச் சாலைகளுக்கான செய்முறை விளக்கம்

நம் மாவட்டத்தில் ஹாரன் ஒரு மரியாதை. பின்னால் வருகிறவர் "நான் வருகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லத்தான் அதை அடிக்கிறார். அடிக்காமல் உரசிக்கொண்டு கடந்து போனால்தான் நாம் கோபப்படுவோம். இந்தப் பழக்கம் குதிரைக்குத் தெரியாது. தன் வாலுக்குப் பின்னால், கண் எட்டாத இடத்திலிருந்து எழும் திடீர்ச் சத்தத்துக்கு அதனிடம் ஒரே பதில்தான் உண்டு: ஓட்டம்.

அதனால்தான் ரோட்டில் குதிரையை நடத்துவது பாதி வேலை என்கிறேன். மீதிப் பாதி, முன்னும் பின்னும் வருகிற டிரைவர்களோடு பேசுவது. அவர் கை ஹாரனுக்குப் போகும் முன் உங்கள் கை மேலே போயிருக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த ஒன்றைச் சாத்தியமாக்கத்தான்.

இது யாருக்கு? மைதானத்திலோ தோப்பிலோ குதிரையை நடத்தவும் நிறுத்தவும் திருப்பவும் ஓரளவு கற்றுக்கொண்டு, இனி ஊர்ச் சாலை வழியாகக் கடற்கரைக்கோ குளக்கரைக்கோ போகலாம் என்று நினைப்பவர்களுக்கு. இன்னும் ஒற்றைக் கையில் கடிவாள வாரைப் பிடித்துக் குதிரையை நிறுத்த வரவில்லை என்றால், அதை முதலில் பழகுங்கள். வலது கை சைகைக்கு வேண்டும்.

குதிரை பார்க்கும் ரோடு

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். தெரியாத இடம் இரண்டு: வாலுக்கு நேர் பின்புறம், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச தூரம். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் ஆகும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர்த் தோட்டத்துச் சாலையில் திரும்பும் இடத்தில் குதிரை தயங்கி நின்றால் அது பிடிவாதம் இல்லை. இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நிற்கிறது. சில நொடிகள் கொடுங்கள், தானே நடக்கும்.

காதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டு காதும் ஒரே பொருளை நோக்கி விறைத்து, தலை உயர்ந்து, கழுத்து கட்டை மாதிரி இறுகினால் அடுத்த நொடியில் ஏதோ நடக்கப் போகிறது.

முதல் படி: வீட்டிலேயே பழக்குதல்

இதற்குத்தான் அதிக நாள் ஆகும், ஆகட்டும். அவசரப்பட்டவர்கள்தான் ரோட்டில் விழுகிறார்கள்.

குதிரை கொள்ளோ புல்லோ தின்கிற நேரத்தில், இருபது மீட்டர் தள்ளி ஒரு பைக்கை ஸ்டார்ட் செய்து சும்மா நிறுத்தி வையுங்கள். தின்பதை நிறுத்தாமல் இருந்தால் மறுநாள் கொஞ்சம் பக்கத்தில். தின்பதை விட்டுத் தலையைத் தூக்கினால் பழைய தூரத்துக்கே போங்கள். பைக் பழகியதும் ஆட்டோ, பிறகு டெம்போ. ஹாரன் கடைசியில், அதுவும் தூரத்திலிருந்து ஒரே ஒரு தடவை.

அடுத்தது எனக்குப் பெரிய பலன் தந்த முறை. வண்டியைக் குதிரைக்குப் பின்னால் விடாதீர்கள். குதிரையை வண்டிக்குப் பின்னால் நடத்துங்கள். தன்னைவிட்டு விலகிப் போகும் பொருளைப் பார்த்துக் குதிரை பயப்படுவது குறைவு. அதைத் தானே துரத்துவது போல ஒரு தைரியம் வந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் பத்து நாள் காலையில் இதற்காக வந்தார். "மக்களே, நான் பைய போறேன், நீ பின்னால வா" என்று சொல்லிவிட்டு நடை வேகத்தில் தோப்பைச் சுற்றுவார். நாங்கள் பின்னால். ஐந்தாம் நாள் குதிரை ஆட்டோவின் பின் கம்பியை மோந்து பார்த்தது. அதற்கப்புறம்தான் ஆட்டோவைப் பக்கவாட்டில் கடக்க விட்டோம், கடைசியில் எதிரேயும் பின்னாலும்.

என்ஜின் மட்டும் போதாது. படபடக்கும் தார்ப்பாய், விரித்த குடை, காற்றில் ஆடும் ஃபிளெக்ஸ் பேனர், குரைக்கும் நாய், வாழைக்குலை ஏற்றிய டெம்போ, ஒலிபெருக்கி கட்டிய வண்டி எல்லாம் நம் ரோட்டில் உண்டு. இவற்றில் முடிந்ததை வீட்டிலேயே காட்டிவிடுங்கள். பல குதிரைகள் லாரிக்கு மிரளுவதைவிடத் தார்ப்பாய்க்கு அதிகம் மிரளும்.

இரண்டாம் படி: உடுப்பும் சேணமும்

குதிரையேற்றத்துக்கான தலைக்கவசம் கட்டாயம். முழு முகத்தை மூடும் பைக் ஹெல்மெட் சரிப்படாது. பின்னால் வரும் வண்டியைக் காதால்தான் முதலில் அறிகிறோம், அந்தக் காதை அது அடைத்துவிடும். அதே காரணத்துக்காக இயர்போன் கூடாது. குதிகால் உயர்ந்த ஷூ போடுங்கள். செருப்பிலோ தட்டை ஷூவிலோ கால், சேணத்தில் தொங்கும் மிதி வளையமான அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு ஓடும், அதைவிட மோசமான விபத்து இதில் இல்லை.

சாலைப் பணியாளர்கள் போடும் ஒளிரும் ஜாக்கெட் ஹார்டுவேர் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். குதிரையின் கால்களிலும் ஒளிரும் பட்டை கட்டலாம். கால் அசையும்போது பட்டையும் அசைவதால் தூரத்திலேயே கண்ணில் படும். சேணத்தில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். நீங்கள் விழுந்து குதிரை தனியாக ஓடினால், பிடிப்பவர் யாரைக் கூப்பிடுவார்?

புறப்படும் முன் வயிற்று வாரையும் லாடத்தையும் பாருங்கள். லாடம் ஆடினால் அன்று பயணம் இல்லை.

மூன்றாம் படி: வழியும் நேரமும்

44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் 66-ஆம் எண் நெடுஞ்சாலையும் குதிரைக்கான இடம் இல்லை. கடக்க வேண்டி வந்தால் இரு பக்கமும் நீண்ட தூரம் தெரியும் நேரான இடத்தில் நின்று, குறுக்காக, நடையில் கடந்துவிடுங்கள். கூட்டமாகப் போனால் எல்லோரும் சேர்ந்தே கடக்க வேண்டும். ஒரு குதிரை அக்கரையிலும் ஒன்று இக்கரையிலும் நின்றால் பின்தங்கியது துணையைத் தேடி வண்டிக்குள் பாயும்.

சானல் (பாசனக் கால்வாய்) கரைகளும், வயல் நடுவே போகும் ஊர்ச் சாலைகளும், தென்னந்தோப்பு வழிகளும்தான் பழக ஏற்றவை. சுசீந்திரம், தேரூர் குளக்கரையில் நீர்ப்பறவைகள் கூட்டமாகச் சட்டென்று எழும், அங்கே கவனம். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று பலமாக வீசும் மாதங்களில் புதுக் குதிரையைக் கொண்டுபோகாதீர்கள். காற்றில் பின்னால் வரும் வண்டிச் சத்தம் உங்களுக்கும் கேட்காது, குதிரைக்கும் கேட்காது.

வழியை முதலில் நீங்கள் மட்டும் நடந்தோ சைக்கிளிலோ போய்ப் பாருங்கள். நம் ஊர்ச் சாலைகளில் இருபுறமும் காம்பவுண்டு சுவர், ஒதுங்கவே இடம் இருக்காது. அதனால் ஒதுங்குமிடங்களைக் கணக்கெடுங்கள்: திறந்த கேட்டு, வயலுக்குள் இறங்கும் வழி, கோயில் முற்றம், சர்ச் மைதானம், பஸ் நிறுத்தம். சாலையில் போகும்போது "அடுத்த ஒதுங்குமிடம் எது?" என்ற கேள்விக்கு எப்போதும் பதில் இருக்க வேண்டும். டிப்பர் லாரி வருவது தெரிந்ததும் அதற்குள் போய், லாரியைக் குதிரை பார்க்கும்படி நிறுத்திவிடலாம்.

நேரம் என்றால் காலை ஆறேகாலிலிருந்து ஏழே முக்கால் வரை நல்லது. அப்புறம் பள்ளி வேன்கள் வந்துவிடும். விடிவதற்கு முன் வேண்டாம், இருட்டிய பின் வேண்டவே வேண்டாம். இன்னொன்று: சூரியன் தாழ இருக்கும் நேரத்தில் அதை நோக்கி ஓட்டுகிற டிரைவருக்குக் கண் கூசும், உங்களைத் தெரியாது. காலையில் கிழக்கே போகும் வண்டியும் மாலையில் மேற்கே போகும் வண்டியும் உங்களைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி வெயிலும் கூடாது. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. ஏறிப் போகும் குதிரைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். காற்றில் 37 இல்லாவிட்டாலும் தார்ச் சாலை அதைவிட அதிகமாகக் கொதிக்கும்.

விஜயதசமியன்று கன்னியாகுமரி, மகாதானபுரம் பக்கம் போகாதீர்கள். பகவதி அம்மன் வேட்டைக்குப் புறப்படுவதாக எழுந்தருளும் பரிவேட்டை நாள், மேளமும் கூட்டமுமாக இருக்கும். கோயில் கொடை, சர்ச் திருவிழா நடக்கும் ஊர்களிலும் வெடிச் சத்தம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

நான்காம் படி: சாலையில் எங்கே நடப்பது

வண்டிகள் போகும் திசையிலேயே, இடது பக்கம். ஆனால் ஓரத்தோடு ஓரமாக ஒட்டிப் போகாதீர்கள், இது பலர் செய்யும் தவறு. ஓரத்தில் ஒடுங்கினால் "இடம் இருக்கிறது" என்று நினைத்து டிரைவர் நுழைந்துவிடுவார். தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே இருங்கள். அவர் வேகத்தைக் குறைத்துச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். குதிரை இடப்பக்கம் விலகவும் அந்த ஒரு மீட்டர் கைவசம் இருக்கும்.

இடதுபுறம் வளையும் வளைவில் சுவர் மறைத்தால் பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். துணைக்கு நடந்து வருபவர் இருந்தால் ஐம்பது அடி பின்னால் நின்று வண்டிகளைக் கைகாட்டி மெதுவாக்கட்டும். தனியாக என்றால் வளைவுக்கு முன் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

இரண்டு குதிரைகள் பக்கவாட்டில் போனால் பழகியது வலப்பக்கம், புதியது இடப்பக்கம். குறுகிய சாலையில் ஒன்றன்பின் ஒன்று, பழகியது முன்னால்.

இறங்கி நடத்திக்கொண்டு போகும்போதும் இடது ஓரம்தான். ஆனால் நீங்கள் குதிரையின் வலப்பக்கம், அதாவது வண்டிகளுக்கும் குதிரைக்கும் நடுவில் நடக்க வேண்டும். குதிரைகள் பொதுவாக இடப்பக்கம் நின்று நடத்தியே பழகியவை என்பதால் இதைத் தோப்பிலேயே பழக்குங்கள்.

தாரில் நடை மட்டும்தான். லாடம் அடித்த குளம்பு தாரில் வழுக்கும். நமக்கு இரண்டு மழைக்காலம். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு மேலே வந்து ரோடு சோப்பு போட்டது மாதிரி இருக்கும். வெள்ளைக் கோடுகளும் சாக்கடை மூடியின் இரும்புத் தகடுகளும் அப்படியே.

ஐந்தாம் படி: கைப் பேச்சு

வண்டி அறுபது, எழுபது மீட்டர் தூரத்தில் இருக்கும்போதே தொடங்குங்கள். பின்னால் வருகிறது என்றால் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி டிரைவரின் முகத்தைப் பாருங்கள். முகம் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஹாரனில் கை வைப்பதில்லை, இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். வலது கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மெல்ல மேலும் கீழும் அசைத்தால் "பைய வாங்க". உள்ளங்கையை முகத்துக்கு நேரே காட்டினால் "நில்லுங்க". திரும்பப் போகும் பக்கத்துக்குக் கையை நீட்டிக் காட்டுங்கள். அவர் மெதுவாகிக் கடந்ததும் கையைத் தூக்கி நன்றி சொல்லுங்கள். அந்த ஒரு நன்றிக்காகவே அடுத்த தடவையும் அவர் மெதுவாக வருவார். நம் ஊர்ச் சாலையில் அதே பஸ், அதே மீன்காரர், அதே பால் வண்டிதானே தினமும் வருகின்றன.

சட்டமும் உங்கள் பக்கம் உண்டு. விலங்கு மிரண்டு கட்டுக்கு அடங்காமல் போகும் என்று அதைக் கொண்டுபோகிறவர் அஞ்சி நிறுத்தச் சொன்னால், வண்டியை நிறுத்த வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு சொல்கிறது. இது தெரிந்த டிரைவர்கள் குறைவு, அதனால் சண்டைக்காக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் 2022-இல் திருத்திய சாலை விதிநூல், குதிரையைக் கடக்கும்போது மணிக்கு 10 மைலுக்கு மேல் போகாமல், குறைந்தது 2 மீட்டர் இடம் விடச் சொல்கிறது. 10 மைல் என்பது சுமார் 16 கிலோமீட்டர். நம் சாலைகளில் 2 மீட்டர் விட இடம் இல்லாத இடமே அதிகம். அங்கே நாம்தான் ஒதுங்குமிடம் வரை நடந்து வழிவிட வேண்டும். அதுவரை டிரைவர் பின்னால் பொறுத்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மிரண்டால்

மூன்று வருடத்துக்கு முன் முட்டம் போகிற சாலையில், மாலை நேரம், பின்னால் வந்த ஒரு வேன் ஒட்டி நின்று நீளமாக ஹாரன் அடித்தது. எங்கள் செவலைக் குதிரை குறுக்கே திரும்பிப் பாதிச் சாலையை மறித்து நின்றுவிட்டது. எதிரே வந்த பைக்காரப் பையன் எப்படியோ மணலில் இறக்கித் தப்பினான். வேன் வருவது எனக்குக் கேட்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல், கை காட்டாமல் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பையனின் முகம் இன்றும் மறக்கவில்லை.

மிரளும் அறிகுறி தெரிந்ததும் மூச்சை நிதானமாக விடுங்கள், சேணத்தில் ஆழமாக உட்காருங்கள். இரண்டு வாரையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், உங்கள் பயம் கை வழியாக அதற்குப் போய்விடும். பயமுறுத்தும் பொருள் இடது ஓரத்தில் இருந்தால் தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி, வலது காலால் வயிற்றை அழுத்துங்கள். உடம்பு சாலைக்குள் சாயாது. வலதில் வண்டி கடக்கும்போதும் அதே மாதிரி: தலை லேசாக வலப்பக்கம், வலது கால் அழுத்தம். வண்டியைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இறங்குவதென்றால் மிரளும் முன் இறங்குங்கள். துள்ளும் குதிரையிலிருந்து தாரில் இறங்க முயல்வது ஆபத்து.

முதல் பயணம்

பதினைந்து நிமிடம் போதும். பழகிய ஒரு குதிரை அல்லது நடந்து வரும் ஒரு துணை. போன வழியே திரும்புங்கள். வீடு நெருங்கும்போது குதிரை வேகமெடுக்கும். கடைசி இருநூறு மீட்டரை இறங்கி நடத்தியே வாருங்கள். சாலையில் சாணி போட்டிருந்தால் திரும்பிப் போய் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், வளைவில் அது இரு சக்கர வண்டியை வழுக்கிவிடும். லாயத்துக்கு வந்ததும் நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். ஜல்லி மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, தண்ணீர் காட்டுங்கள்.